அகலத் திரை தந்த வானியலறிஞர்

தொலைக்காட்சிப் பெட்டியில் திரைப்படம் பார்க்கும்போது படத்தின் மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டைகள் தோன்றுவதைக் காணாதார் இலர். காசு கொடுத்து வாங்கிய திரையில் கால் பங்கு வீணாகிறதே என்று வருந்துவோரும் நம்மிடையே உண்டு. அந்தப் பட்டைகளின் பின்னே ஒரு மேதையின் வாழ்வு மறைந்திருக்கிறது. அவர்தாம் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆன்றி கிரெத்தியான்.

1879ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்த அவர், வானியலில் நாட்டங்கொண்டு நீஸ் நகர வான் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். அமெரிக்க அறிஞர் ரிட்சியுடன் சேர்ந்து அவர் வகுத்த தொலைநோக்கி முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கியும் அம்முறையில் அமைந்ததே.

விண்மீன்களை ஆராய்ந்த அறிஞரின் பார்வை வெள்ளித்திரையின் பக்கமும் திரும்பியது. அந்நாளில் படத்தின் அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. 1927இல் ஆபெல் கான்ஸ் என்னும் இயக்குநர், 'நெப்போலியன்' படத்தின் இறுதிப் பகுதியை மூன்று புரொஜெக்டர்களைக் கொண்டு அருகருகே மூன்று திரைகளில் காட்டினார். கிரெத்தியானோ ஒரே கருவியால் அகன்ற காட்சியைப் பெறும் வழியைக் கண்டார்.

அவர் செய்த வில்லையின் பெயர் 'ஹைப்பர்கொனார்'. உருளை வளைவு கொண்ட அந்த வில்லை, காட்சியின் உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் பாதியாக ஒடுக்கும். படச்சுருளில் மனிதர்கள் ஒல்லியாய், நெடியவராய்த் தெரிவர். திரையிடும்போது அதே போன்ற வில்லை அவர்களை மீண்டும் விரித்துவிடும். படச்சுருள் பழைய 35 மில்லிமீட்டரே. காட்சியோ இரு மடங்கு அகலம்!

இம்முறையில் கிளாத் ஓதான்-லாரா எடுத்த குறும்படம் 1930இல் பாரிசில் திரையிடப்பட்டது. ஆனால் அது பேசும் படம் பிறந்த வேளை. கொட்டகைக்காரர்கள் ஒலிக்கருவி வாங்கவே பணம் தேடினர். அகலத் திரையை யார் கேட்பார்? 1937இல் பாரிஸ் பொருட்காட்சியில் மாபெரும் திரையில் காட்டியும் திரையுலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்டுகள் உருண்டோடின. அமெரிக்காவில் தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்தது, கொட்டகைகள் காலியாயின. வீட்டுப் பெட்டியால் தர இயலாத காட்சி ஒன்று வேண்டும் என்று தவித்த டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தார், 1952 டிசம்பரில் எழுபத்து மூன்று வயது கிரெத்தியானை நாடி வந்தனர். மறு ஆண்டே 'தி ரோப்' என்னும் படம் சினிமாஸ்கோப்பில் வெளிவந்து உலகை வியக்க வைத்தது. 1954இல் ஆஸ்கார் விழாவின் அறிவியல் தொழில்நுட்ப விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1956இல் வாஷிங்டனில் அவர் மறைந்தார். 1959இல் குருதத்தின் 'காகஸ் கே பூல்' இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமாயிற்று. 1973இல் 'ராஜராஜ சோழன்' தமிழில் அப்பெருமையைப் பெற்றது.

தொலைக்காட்சியை வெல்லப் பிறந்த அகலப் படம் பின்னர் தொலைக்காட்சிக்குள்ளேயே வந்து சேர்ந்தது விந்தையன்றோ! பழைய நான்குக்கு மூன்று பெட்டியை நிரப்புவதற்காகப் படத்தின் இருபுறமும் வெட்டினர். எதிரெதிரே நின்று பேசும் இருவரில் ஒருவர் காணாமற்போவார். இன்றைய பெட்டியின் திரை பதினாறுக்கு ஒன்பது. அதிலும் சினிமாஸ்கோப் படம் முழு அகலத்தில் வந்தால், உயரத்தில் ஏறக்குறையக் கால் பங்கு கறுப்பாகவே நிற்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கோ பட்டை இருபக்கமும் விழும்.

ஆகவே அந்தப் பட்டை பழுதன்று. படத்தில் எதுவும் வெட்டப்படவில்லை என்பதற்கான சான்று. திரையை நிரப்புவதா, படத்தைக் காப்பதா என்றால் காப்பதே முறை. கால் நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்த ஒரு வில்லை உலகையே அகலமாய்ப் பார்க்க வைத்தது. நம் ஆய்வுக்கூடத்து வில்லைகளைக் கையிலெடுக்கும் மாணவ நண்பர்கள் இதனை மறவாதிருப்பார்களாக!