குறியேடத்துத் தாத்ரி

ஜீடிமெட்லாவில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் அறையில், ஹாதார்ன் 1850இல் எழுதிய புதினம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. கற்பு தவறினாள் என்று ஒருத்தியின் மார்பில் சிவப்பு எழுத்தைத் தைத்து ஊர் நடுவே நிறுத்திய கதை. அது முழுக் கற்பனையன்று. பிளிமத் குடியேற்றத்தார் 1658இல் அவ்வாறு தைக்கச் சட்டமே செய்திருந்தனர். வெள்ளையரின் மதவெறி என்று ஒதுக்கினார் நண்பர். நான் தாத்ரியைச் சொன்னேன். ஒருவரும் அறியார். நமக்கு அடுத்த வீட்டுச் செய்தியன்றோ இது!

கொச்சி நாட்டில் நம்பூதிரி இல்லத்தில் பிறந்தவள், பெயர் சாவித்திரி. குறியேடத்து இல்லத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்நாளில் இல்லத்தின் மூத்த மகன் மட்டுமே தன் குலத்தில் மணப்பான், அதுவும் இருவர் மூவரை. இளையவர்கள் நாயர் வீடுகளில் சம்பந்தம் கொள்வார்கள். ஆகவே நம்பூதிரிப் பெண்கள் பலர் முதியவருக்கு வாழ்க்கைப்பட்டனர்; அல்லது மணமின்றியே மூத்தனர். வெளியே கால் வைத்தால் ஓலைக்குடையால் முகம் மறைக்க வேண்டும்.

ஐயம் எழுந்தால் ஸ்மார்த்த விசாரம் நடக்கும். முதலில் பணிப்பெண்ணைக் கேட்பார்கள். பிறகு குற்றம் சாட்டப்பட்டவளைத் தனியறையில் அடைத்து, வெளியே நின்று வினவுவார்கள். அப்போது முதல் அவள் பெண்ணல்லள். அவளுக்குச் 'சாதனம்' என்று பெயர். பொருள் என்று அர்த்தம்! குற்றத்தை ஒப்பினால் குடையைப் பறித்து, கைகொட்டி விரட்டி, உயிரோடிருப்பவளுக்கே ஈமச் சடங்கு செய்வது வழக்கம்.

தாத்ரி ஒப்பினாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. உடன் தவறியவர் பெயரை அவள் சொல்ல வேண்டும் என்பதும் விசார முறையே. அவள் சொன்னாள், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். வேதம் ஓதியவர், கலைஞர், உறவினர் என்று பட்டியல் நீண்டது. முன்பெல்லாம் பெண்ணின் சொல்லே போதும். ஆடவருக்கு மறுக்க வாய்ப்பில்லை. இம்முறை மன்னர் ராமவர்மா, அவர்கள் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய இசைந்தார். பெரும் புள்ளிகள் சிக்கியபோதுதான் அந்த நியாயம் நினைவுக்கு வந்தது போலும்! அவளோ நாள், இடம், உடல் அடையாளம் எனச் சான்று காட்டி அவர்களை வாயடைக்கச் செய்தாள்.

1905 ஜூலை 13இல் தீர்ப்பு வந்தது. அவளோடு 64 ஆடவர் சாதி நீக்கப்பட்டனர். 30 நம்பூதிரிகள், 13 அம்பலவாசிகள், 11 நாயர்கள், 10 ஐயர்கள். அந்த 10 பேரின் வீட்டு மொழி தமிழ் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கதகளி நடிகர் காவுங்கல் சங்கரப் பணிக்கரும் பட்டியலில் இருந்தார். தாத்ரியைச் சாலக்குடியில் கொண்டுபோய் வைத்தனர்.

அடுத்த பெயர் மன்னருக்கு நெருங்கியது; அதனால்தான் விசாரணையை நிறுத்தினார்கள் என்றொரு கதை உண்டு. கதையாகவே அதை விடுகிறேன். பழி தீர்க்கவே அவள் ஆடவரை வலைவீசிப் பிடித்தாள் என்றும் சொல்வர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கேட்டார்கள், சொன்னாள், உண்மை 64 பேர் அளவு இருந்தது அவள் குற்றமா?

1929இல் வி. டி. பட்டதிரிப்பாடு அந்தச் சமூகத்துப் பெண்களின் நிலையை நாடகமாக்கி மேடையேற்றினார். 1938இல் லலிதாம்பிகா அந்தர்ஜனம், தாமும் ஓலைக்குடைக்குள் வளர்ந்தவர், ஒரு சிறுகதை எழுதினார். அதில் தாத்ரியே இரவில் எழுத்தாளரிடம் வந்து தன் கதையைத் தன் வாயால் சொல்கிறாள்.