சமையலை எழுத்தில் வடித்த மீனாட்சி அம்மாள்

குழம்புக்கு எவ்வளவு புளி போட வேண்டும் என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், கையளவுதான் என்பார்கள். உப்பு, மிளகாய் எல்லாமே அவர்களுக்குக் கண்ணளவும் கையளவும்தான். அந்தக் கைப்பக்குவத்தைத் தாளில் எழுதி, முகம் தெரியாத பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் எஸ். மீனாட்சி அம்மாள்.

1905இல் பிறந்த மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்களை நல்ல காரியங்களில் ஒதுக்கி வைத்த காலம் அது. குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. அவரிடம் இருந்த பெரிய செல்வம் சமையல் அறிவு. அவரது கைமணம் உறவினர்களிடையே பரவியதும், இது எப்படிச் செய்வது, அது எப்படிச் செய்வது என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. அவரும் சலிக்காமல் பதில் எழுதினார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரு புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று யோசனை சொல்லி ஊக்கம் தந்தவர், அவரது உறவினரும் சென்னையில் பெயர்பெற்ற வழக்கறிஞருமான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அதன் பயனாக 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. சமையலறைக்கே போகாதவரும் பின்பற்றும்படி, ஒவ்வொரு பொருளின் அளவும் செய்முறையும் அதில் படிப்படியாகச் சொல்லப்பட்டிருந்தன. படி, ஆழாக்கு, பலம் என்று அந்தக் காலத்து அளவுகளே அதில் இருந்தன. சாம்பார், ரசம், கூட்டு, பலகாரம், ஊறுகாய், வடகம் என அத்தனையும் சைவ உணவு. பண்டிகைச் சமையலையும் அவர் விட்டுவிடவில்லை. அடுத்தடுத்த பாகங்களும் வெளிவந்தன.

கூட்டுக் குடும்பங்கள் பிரிந்து, வேலை தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் இளம் தம்பதிகள் போகத் தொடங்கிய காலம் அது. பக்கத்தில் நின்று சொல்லித்தர மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இடத்தை இந்தப் புத்தகம் நிரப்பியது. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சீராக இதையும் வைத்துக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமானது. கைம்பெண் என்று ஒதுக்கிய சமூகமே அவர் எழுதிய புத்தகத்தை மணப்பெண்ணின் கையில் கொடுத்து அனுப்பியது. இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்?

மீனாட்சி அம்மாள் 1962இல் மறைந்தார். அவருக்குப் பின் குடும்பத்தார் அப்பணியைத் தொடர்ந்தனர். ஆங்கிலம் உள்ளிட்ட பிற மொழிகளிலும் நூல் வந்தது. எழுபது ஆண்டுகளைக் கடந்தும் அது விற்பனையில் இருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களின் கையளவும் ஒரு நாள் அவர்களோடு போய்விடும். தோட்டத்து வீட்டில் பாட்டி வைத்த குழம்பு நாளை நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமானால், இன்றே அவரருகில் அமர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். மீனாட்சி அம்மாளும் அப்படி எழுதத் தொடங்கியவர்தான்.