துணிக்கடைக்காரர் பார்த்த குட்டி உயிரி

வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள், குட்டீஸ்? அம்மாவிடம் சொல்வீர்கள். ஹாலந்து நாட்டில் ஒருவர் வேறு வேலை செய்தார். தன் மலத்தைத் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்! மூக்கைப் பொத்திக் கொள்ளாமல் மேலே படியுங்கள்.

அவர் பெயர் ஆன்டனி வான் லீவன்ஹூக். 1632ல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். கூடை முடையும் அப்பா, இவரது சிறு வயதிலேயே இறந்து விட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் போய், துணிக்கடையில் வேலை கற்றார். பிறகு சொந்த ஊரிலேயே கடை போட்டார். கல்லூரிப் படிப்பு கிடையாது. விஞ்ஞானிகளின் மொழியான லத்தீனும் தெரியாது.

துணியின் இழைகளைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். லீவன்ஹூக்குக்கோ கண்ணாடி மீதே ஆசை வந்து விட்டது. மிளகை விடச் சின்ன லென்ஸ்களைத் தானே செய்தார். அதை இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, எதிரே ஊசி முனையில் பொருளை வைத்தால், அதுதான் மைக்ராஸ்கோப். 1674ல் ஏரித் தண்ணீரைப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் நீந்தின. லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே பலருக்கு நம்பிக்கை வரவில்லை. துணி விற்பவர் சொன்னால் நம்பி விடுவார்களா? பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார், பாவம்! 1677ல் ராபர்ட் ஹூக் தானே பார்த்துச் சொன்ன பிறகுதான் ஒப்புக் கொண்டார்கள்.

1681ல் வந்தது அந்த வயிற்றுப்போக்கு. மலத்தில் தட்டையான வயிறும், குட்டிக் குட்டிக் கால்களும் கொண்ட உயிரிகள் ஓடிக் கொண்டிருந்தன. மலம் கெட்டியாக இருந்த நாட்களில் அவை தென்படவில்லை. இதையும் மறக்காமல் குறித்து வைத்தார். ஆனால், நோய்க்கு அவைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை.

1859ல் பிராகா நகர மருத்துவர் வில்லெம் லாம்பிள் அந்த ஒட்டுண்ணியை விரிவாக விவரித்தார். இன்று அதன் பெயர் ஜியார்டியா. லீவன்ஹூக் கால் என்று நினைத்தவை, எட்டு இழைகள். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 70 உயிரிகளை வரிசையாக நிறுத்தலாம்!

நோயாளியின் மலத்தோடு வெளியேறும்போது, இது கெட்டியான ஓட்டுக்குள் ஒளிந்து கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளோரினுக்கும் லேசில் மசியாது. பத்தே பத்து உள்ளே போனாலும் வயிறு கெடலாம். ஆனால், தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்தால் ஒரே நிமிடத்தில் செத்து விடும். சாப்பிடும் முன்பும், கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வது இதற்காகவும்தான்.

லீவன்ஹூக் 500க்கும் மேல் லென்ஸ்கள் செய்தார். சிறந்த லென்ஸின் ரகசியத்தை மட்டும் யாருக்கும் சொல்லாமலே 1723ல், 90 வயதில் இறந்து போனார். 2021ல் விஞ்ஞானிகள் அவருடைய மைக்ராஸ்கோப் ஒன்றைப் பிரிக்காமலே, நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்தனர். உள்ளே இருந்தது, கண்ணாடியை உருக்கிச் செய்த ஒரு சின்ன உருண்டை!