பாட்ரிக் கெடிஸ் என்னும் பெரியார்

உலகனைத்தையும் நேசிப்பதாகக் கூறுதல் எளிது. தன் தெருவின் சாக்கடையைத் தூய்மை செய்தல் அரிது. உலகையும் தெருவையும் ஒருங்கே பேணிய பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

பாட்ரிக் கெடிஸ் 1854-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்தில் பிறந்தார். ஹக்ஸ்லி என்னும் அறிஞரிடம் உயிர்நூல் பயின்று, 1888 முதல் 1919 வரை டண்டீ நகரக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராய் விளங்கினார். செடியை ஆராய்வோர் அது வேரூன்றிய மண்ணையும் ஆராய்வர். மக்களை அறிய விழைவோர் அவர் வாழுந் தெருவை அறியாதிருத்தல் தகுமோ? 1886-இல் அன்னா அம்மையாரை மணந்த இவர், சிறிது காலத்துக்குள் எடின்பரோவில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னுமிடத்திற் குடிபுகுந்தார். அயலாருடன் கூடித் தாமே சுண்ணம் பூசினார், பூச்செடிகள் வளர்த்தார்.

1892-இல் அந்நகரில் நோக்குக் கோபுரம் ஒன்றை அமைத்தார். உச்சியினின்று தம் நகரைக் கண்டோர் கீழிறங்குந்தோறும் எடின்பரோ, ஸ்காத்லாந்து, ஐரோப்பா என அறைகள் விரிந்தன; அடித்தளத்தில் இருந்தது உலகத்தின் அறை. அதன் வாயிலைக் கடந்தோர் மீண்டும் தம் தெருவிலேயே நின்றனர். அக்கோபுரத்தைச் சார்ந்த குழுவினர் பழைய நகரில் 76 வெற்றிடங்களைக் கணக்கெடுத்து, சிலவற்றைத் தோட்டங்களாக்கினர்.

1914-இல் கெடிஸ் சென்னைக்குப் புறப்பட்டார். அவர்தம் கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மனந்தளராது வேறு படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையிற் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய நகரங்களை ஆராய்ந்து, பழந்தெருக்களை இடித்தொழிக்காமல் வேண்டுமிடத்து மட்டும் திருத்துமாறு உரைத்தார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை மறுத்து, அவற்றில் மீன் வளர்க்கச் சொன்னார்.

1917-இல் மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். மனைவியாரும் கல்கத்தாவிற் காய்ச்சலால் மறைந்தார். அத்துயரிலும் பணியை விட்டாரல்லர். பிளேக் நோய் வருத்திய இந்தூரில், தீபாவளி ஊர்வலம் நன்கு தூய்மை செய்த தெருக்களின் வழியே செல்லும் என அறிவித்தார். ஜனங்கள் போட்டியிட்டுத் தெருக்களைத் துடைத்தனர்; தெருக் கூட்டுவோர் வெள்ளுடையும் மலரும் அணிந்து ஊர்வலத்திற் பெருமையுடன் நடந்தனர். பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்பித்த இவர், 1932-இல் பிரான்சு தேசத்து மாந்பெலியே நகரில் உயிர் நீத்தார்.

நாமோ புவி வெப்பமுறுதலைப் பற்றி மேடையிற் பேசிக் கைதட்டல் பெறுகிறோம். விடுதிப் பின்புறத்துக் குப்பையைக் கண்டுங் காணாதார்போற் செல்கிறோம். உலகத்தின் அறையிலேயே தங்கிவிட்டோம் போலும்! இனியேனும் வாயிலைத் திறந்து நம் தெருவில் இறங்குவோமாக.