பொப் வூல்மர்

எங்கட சங்கப் பெடியளுக்குக் கோடையில கிரிக்கெட் பழக்கிறனான். வூல்மரைத் தெரியுமோ எண்டு கேட்டால், கொலை செய்யப்பட்டவர் எண்டுதான் சொல்லுதுகள். அதுதான் எழுதத் தோன்றியது.

1948இல் இந்தியாவின் கான்பூரில் பிறந்தவர். இங்கிலாந்துக்காக 19 டெஸ்ட் ஆடினார். மூன்று சதங்களும் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத்தான். 1982இல் நிறவெறித் தென்னாபிரிக்காவுக்கு விளையாடப் போய் மூன்று வருடத் தடை வாங்கினது எனக்குப் பிடிக்காத பக்கம்.

1994இல் அதே தென்னாபிரிக்காவின் பயிற்றுநர் ஆனார். கணினியில் ஆட்டத்தை அலசிப் பார்த்தவர். 1999 உலகக் கிண்ணத்தில் அணித்தலைவரின் காதில் கருவி பொருத்தி, வெளியில இருந்து யோசனை சொன்னார். உடனே தடுத்துப் போட்டாங்கள். அரையிறுதி 213க்கு 213 எனச் சமநிலை. முன்னைய சுற்றில் மேலே நின்ற அவுஸ்திரேலியா இறுதிக்குப் போனது.

பிறகு சர்வதேச கிரிக்கெட் சபைக்காகச் சின்ன நாட்டு அணிகளைத் தயார்படுத்தினார். மனிசன்ர நல்ல வேலை இதுதான் எண்டு நான் சொல்லுவன். 2003 உலகக் கிண்ணத்தில் நாங்கள் வாழுற இந்தக் கனடா வங்காளதேசத்தை வென்றது. கென்யா அரையிறுதி வரை போனது.

2004 முதல் பாகிஸ்தான். 2007 மார்ச் 17, ஜமேக்காவில் இன்னொரு சின்ன அணியான அயர்லாந்து பாகிஸ்தானை 132க்குச் சுருட்டி வென்றது. மறுநாள் காலை விடுதியறையில் நினைவில்லாமல் கிடந்தார்; அண்டைக்கே உயிர் போனது. கழுத்தை நெரித்த கொலை எண்டது பொலிஸ். வீரர்களின் கைரேகையும் எடுத்தார்கள். ஜூனில் அதே பொலிஸ் இயற்கை மரணம் எண்டது. நவம்பரில் ஜூரிகள் ஒரு முடிவும் சொல்லேல்லை.

இந்தக் கோடையில பெடியளுக்குக் கனடா வென்ற அந்த ஆட்டத்தைத்தான் முதல் சொல்லப் போறன்.