கனவுக்குக் கடை விரித்தவர்

1901 டிசம்பர் 5-ஆம் நாள் சிகாகோவில் பிறந்தார் வால்ட் டிஸ்னி. 1928-இல் ஒப்பந்தச் சிக்கலில், தாம் வளர்த்த ஆஸ்வால்டு முயலைப் பறிகொடுத்தார். பட்ட அடி பாடமாயிற்று. அடுத்து வந்த மிக்கி எலியைக் கைநழுவ விடவில்லை. 1933-இல் அந்த எலிப் படம் போட்ட கைக்கடிகாரம், நொடித்துப்போக இருந்த ஒரு கடிகார நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது.

கேளிக்கைப் பூங்கா என்றதும் அண்ணன் ராய் கூடத் தயங்கினார். டிஸ்னியோ தம் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் வாங்கினார்! 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து திறந்தது. அன்று வெயிலில் தார் இளகியது, குடிநீருக்கும் திண்டாட்டம்.

பூங்காவின் பழைய புகைப்படங்களில் நம் கண் நிலைப்பது முகப்புக் கடைத்தெருவில்தான். இளமையில் அவர் வாழ்ந்த மார்சலீன் என்னும் சிற்றூரின் நினைவில் எழுந்தது அது. தெரு உயர்ந்து தோன்ற வேண்டி மாடிகளைச் சிறிதாகக் கட்டினார்கள். பல கடைகளை வெளியார் வாடகைக்கு எடுத்திருந்தனர். மருந்துக்கடை இருந்தது, பெண்களின் உள்ளாடைக் கடையும் இருந்ததென்றால் நம்ப முடிகிறதா? அது விரைவிலேயே மூடப்பட்டது. சிறுவர்கள் விரும்பியதோ வால் தொங்கும் டேவி கிராக்கெட் தொப்பி!

அத்தெருவின் தீயணைப்பு நிலைய மாடியில் தமக்கென ஒரு சிறு இல்லம் வைத்திருந்தார் டிஸ்னி. 1966 டிசம்பர் 15 அன்று நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியானார். அந்தச் சன்னலில் அவர் நினைவாக ஒரு விளக்கு எரிகிறது.