கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட்

மருந்துண்ட நோயாளி எழுந்து நடந்தால், அம்மருந்தே அவனை எழுப்பிற்று என்று முடிவு கட்டிவிடுவது உலக வழக்கம். அதனை உண்ணாதவன் என்ன ஆனான் என்று விசாரிப்பவர் அரியர். அவ்விதம் விசாரித்தவர்களுள் முற்பட்டவரான ஜேம்ஸ் லிண்ட் என்பாரின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1716-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்த இவர், 1739-ல் பிரிட்டிஷ் கடற்படையில் ரணவைத்தியரின் உதவியாளராக அமர்ந்தார். அக்காலத்து மாலுமிகளுக்குப் பீரங்கியினும் கொடிய பகை ஸ்கர்வி என்னும் நோய். ஈறு அழுகிப் பல் உதிரும், தோலின்கீழ் இரத்தம் கட்டும், ஆறிய புண்களும் மீண்டும் வாய்திறக்கும், முடிவு மரணமே. இதற்கு மருந்து கூறியவர் பலர். கூறியதைச் சோதித்துப் பார்த்தவரைக் காண்பது அரிது.

1747 மே மாதத்தில், ஸாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில், ஏறக்குறைய ஒரே நிலையிலிருந்த 12 நோயாளிகளை லிண்ட் தேர்ந்தெடுத்தார். ஓரிடத்தில் கிடத்தி, ஒரே உணவளித்து, இருவர் இருவராகப் பிரித்தார். ஆப்பிள் மது, கந்தகத் திராவகம் கலந்த நீர், காடி, கடல் நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம் என்பவை ஐந்து இணையருக்கு. ஆறாம் இணையருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழங்கள் ஆறே நாளில் தீர்ந்தன. அதற்குள் அவ்விருவரில் ஒருவன் வேலைக்குத் திரும்பத் தகுதியடைந்தான்; மற்றவனோ, ஏனைய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யவே நியமிக்கப்பட்டான்!

இத்துணைத் தெளிவான ருஜு கிடைத்தும் நடந்ததென்ன? 1753-ல் அவர் வெளியிட்ட பெருநூலில் இச்சோதனை சில பத்திகளே பெற்றது. அதிகாரிகளின் அசிரத்தையை நாம் மறைக்கவில்லை. லிண்டின் மீதும் பிழை உண்டு. நெடும்பயணத்துக்கென எலுமிச்சஞ்சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கும்படி அவரே யோசனை கூறினார். காய்ச்சினால் சாற்றின் குணம் குன்றும் என்பது அன்று தெரியாது. எனினும், பழத்தைச் சோதித்தவாறே பாகையும் பிறவற்றோடு ஒப்பிட்டுச் சோதித்திருந்தால், அது தெரிந்திருக்குமன்றோ?

1758 முதல் 1783 வரை ஹாஸ்லார் கடற்படை ஆஸ்பத்திரியில் தலைமை வைத்தியராயிருந்து, 1794-ல் காலமானார். அவ்வாண்டிலேயே இந்தியாவை நோக்கி வந்த ஸபோக் என்னும் கப்பலில், 23 வாரப் பிரயாணத்தில் எலுமிச்சஞ்சாறு கொடுக்கப்பட்டு நல்ல பலன் கண்டது. 1795-ல் கடற்படை நிர்வாகம் அச்சாற்றை வழங்க உத்தரவிட்டது. பன்னிருவரைச் சோதித்து அப்பொழுது 48 ஆண்டுகள் கழிந்திருந்தன.